வீடு வீடாகப் போன செயின்

செல்வமேரி கெட்ட மனசுக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு வாய்த் தண்ணீர் கேட்டால் சொம்போடு கொடுப்பவள். தெருவில் எந்த வீட்டில் குழந்தை வீறிட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுபவள். அந்த ஓட்டம்தான் அவள் குடியைக் கெடுத்தது. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கல்நெஞ்சக்காரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்கு நியாயம் கேட்க யாரிடம் போவது?

பிறந்தது அனகாபுத்தூரில், அடையாற்றை ஒட்டிய ஒரு சந்தில். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். அது மூடியபிறகு கிடைத்த கூலிக்கெல்லாம் போனவர். பெரிய வெள்ளம் வந்த அந்த டிசம்பரில் செல்வமேரி ஏஞ்சலை வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். விடிவதற்குள் ஆறு வீட்டுக்குள் புகுந்து கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மாடியில் ஏறித் தப்பியபோது அவளிடம் மிஞ்சியவை இரண்டுதான். ஒன்று வயிற்றுப் பிள்ளை, இன்னொன்று கல்யாணத்துக்குப் போட்ட தங்கச் செயின்.

"ஆத்தையே ஜெயிச்ச செயினு" என்று அம்மா அதற்குப் பட்டம் கட்டினாள். செல்வமேரியும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? எல்லாம் போன வீட்டில் எது மிஞ்சுகிறதோ அதுதான் சாமி.

புருஷன் ஜெரோம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பாத்திரக் கடையில் வேலை செய்தான். குடியிருந்தது குரோம்பேட்டையில், ரயில்பாதைக்குக் கிழக்கே, தண்டவாளத்தைப் பார்த்த ஒரு போர்ஷன். வண்டி போனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். செல்வமேரிக்கு வேலை பாதைக்கு மேற்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில், ஆயாவாக. ஏஞ்சலும் அங்கேதான் மூன்றாம் வகுப்பு படித்தாள். தாயும் மகளும் தினமும் காலையில் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவார்கள். நடைமேம்பாலம் இருந்தது. ஆனால் அவ்வளவு படி ஏறி இறங்கச் செல்வமேரியின் முட்டி ஒத்துக்கொள்ளாது. தவிர, வேலியில் இருந்த சந்து வழியாக ஊரே நுழைந்து போனது. ஊர் போகிற வழியில் போனால் தப்பென்ன என்பது நம்மில் எல்லோருக்கும் உள்ள புத்திதான்.

பொங்கல் கழிந்த கையோடு தெருவில் பொன்னுக்கு வீங்கி வந்தது.

காதுக்குக் கீழே தாடை ஓரமாக உப்பிக்கொண்டு, முகம் பன் மாதிரி ஆகி, எச்சில் விழுங்கவே குழந்தை அழும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டு, கழுத்தில் ஒரு தங்கச் செயினை மாட்டிவிட்டால், பொன்னைக் கேட்டு வந்த வீக்கம் பொன்னைக் கண்டதும் இறங்கிவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. டாக்டரிடம் காட்டுகிறவர்கள்கூடச் செயினைப் போட்டுக்கொண்டுதான் காட்டுவார்கள்.

முதலில் வீங்கியது பிளஸ்ஸிக்கு. ஏஞ்சலின் உயிர்த்தோழி. அவள் அம்மா ரத்தினபாய் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். அவர்கள் பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள், வீட்டில் பொட்டுத் தங்கம் கிடையாது. உபதேசத்தில் நகை கூடாது. ஆனால் பெற்ற வயிறு உபதேசத்தைக் கேட்குமா? சாயங்காலம் செல்வமேரி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மேரி அக்கா, பிளஸ்ஸிக்கு ரெண்டு பக்கமும் வீங்கிடுச்சு. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, மருந்து குடுத்தாச்சு. இருந்தாலும் மனசு கேக்கல. உங்க செயினை ஒரு நாளைக்கு..." என்று இழுத்தவள், குரலைத் தாழ்த்தி, "பாஸ்டருக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

"தெரிஞ்சா இன்னா? இயேசப்பா இத்தப் பாத்து பயந்துக்கப் போறாரா? நீ போ, நான் எட்த்துகினு வரேன்."

செயினைச் செல்வமேரி யார் கையிலும் கொடுப்பதில்லை. கைமாறினால் ராசி போய்விடும் என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். இன்னொரு சட்டமும் இருந்தது. நோயாளிக் குழந்தையின் கழுத்தில் அதை மாட்டுவது வயசுக்கு வராத பெண்பிள்ளையின் கையாக இருக்க வேண்டும். அப்போதுதான் சீக்கிரம் வற்றும். அந்தக் கைக்கு அவள் எங்கே போவாள்? ஏஞ்சல் இருக்கிறாளே.

ஆக, செயினைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். ஏஞ்சல் பெரிய மனுஷி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தோழியின் கழுத்தில் கொக்கியை மாட்டினாள். அம்மாக்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் கட்டிலில் தலையோடு தலை முட்டிக்கொண்டு படம் பார்த்தார்கள். பிளஸ்ஸிக்கு வாய் திறக்க முடியாததால் வாங்கி வைத்திருந்த மாம்பழ ஜூஸ் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதே ஸ்ட்ராவில் ஏஞ்சல் குடித்து முடித்தாள். செல்வமேரி அதைப் பார்த்தாள். பார்த்து, பிள்ளைகளின் பாசத்தை மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் செயினைக் கழற்றிக்கொண்டு வந்தவள் அதை அப்படியே ஏஞ்சல் கழுத்தில் மாட்டினாள். "இது கெடந்தா உன்னாண்ட அது அண்டாது" என்றாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைக்குப் போட வேண்டிய ஊசியெல்லாம் ஒன்றுவிடாமல் போட்டவள்தான் அவள். அட்டையில் அம்மை ஊசியும் உண்டு. எல்லா அம்மைக்கும் அது ஒன்றே போதும் என்று நினைத்திருந்தாள். அதற்கும் மேலே ஒரு காவலாகத்தான் இந்தச் செயின்.

பிறகு செயின் தெருவை ஒரு சுற்று வந்தது. வெற்றிவேல் என்ற நாலு வயசுப் பொடியனுக்கு ஒரு பக்கம் மட்டும் வீங்கியது. அங்கேயும் போனார்கள். பின்தெருவில் ஒரு வீட்டில் அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில். அங்கேயும் போனார்கள். எல்லா வீட்டிலும் ஏஞ்சல் மாட்டினாள், எல்லா வீட்டிலும் ஒரு வாரத்தில் வற்றியது. தெரு செல்வமேரியைக் கையெடுத்துக் கும்பிட்டது. கடைக்காரர்கூட அவளிடம் சில்லறை கேட்பதை நிறுத்தினார். சுற்று முடிந்ததும் செயின் செல்வமேரியின் கழுத்துக்கே திரும்பியது.

"பாத்தியா, இத்தினி வூட்டுக்குப் போய் வந்துகீறா, எம்பொண்ணுக்கு ஒரு பொட்டு வீங்கல" என்று தண்ணீர்க் குழாயடியில் அவள் சொன்னதை அத்தனை பேரும் கேட்டார்கள். அப்படி வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. ஏஞ்சலுக்கு வீங்கவில்லை என்பது உண்மைதான். வரவில்லை என்பதுதான் பொய்.

மாசி மாதம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலையில் ஏஞ்சல் பாயிலிருந்து எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, வூடு சுத்துது."

லேசாக உடம்பு சுட்டது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். முந்தின நாள் பள்ளிக்கூட வாசலில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் தின்றதுதான் காரணம் என்று செல்வமேரி முடிவு கட்டினாள்.

"காதுல இன்னாவோ கொய்ய்னு கத்திகினே கீதும்மா."

"எந்தக் காதுல?"

ஏஞ்சல் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஆறவைத்து, தாய் அந்தக் காதில் இரண்டு சொட்டு விட்டாள். குழாயடியில் பேசிய பேச்சுக்குக் கண் பட்டுவிட்டது என்று தோன்றியதால், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் திருஷ்டி பலமாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் எரிந்து தீர்ந்தது என்று நிம்மதியானாள். சில நாளில் தலைசுற்றல் நின்றது, பிறகு அந்தக் கொய்யென்ற சத்தமும் குறைந்தது. அவற்றோடு இன்னொன்றும் போயிருந்தது. அது போனதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஏஞ்சலே கவனிக்கவில்லை. ஒரு கண் போனால் குழந்தை சொல்லிவிடும். ஒரு காது போனால் அதற்குச் சொல்லத் தெரியாது, மறு காது பாட்டும் கதையும் கேட்டுக்கொண்டே இருப்பதால்.

ஆனால் கண்ணுள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏஞ்சல் போனை வலது காதில் மட்டும் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். தெருவில் நடக்கும்போது எப்போதும் அம்மாவின் இடது பக்கமாகவே வந்து சேர்ந்துகொண்டாள், அம்மா தன் வலப்பக்கம் இருக்கும்படி. வலது கன்னத்தைத் தலையணையில் வைத்துத் தூங்கிவிட்டால் காலையில் எழுப்பத் தொண்டை வறண்டுவிடும்.

"காட்டுக் கத்து கத்தறேன், காதுலயே வாங்கல பாரு. எல்லாம் இந்த போனு பண்ற வேல" என்பான் ஜெரோம். கையிலிருந்த போனைப் பிடுங்கி மேலே வைப்பான்.

கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். ஏஞ்சல் நடந்து போகும்போது பின்னாலிருந்து, வாசல் மறைவிலிருந்து, "ஏஞ்சல்!" என்று கூப்பிடுவது. அவள் ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கமாகத் திரும்பித் தேடுவாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஏஞ்சலும் சிரிப்பாள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த செல்வமேரியும் சேர்ந்து சிரித்தாள். வெகுளிப் பெண், திசை தெரியாமல் அலைகிறது என்று அவளுக்குச் செல்லமாக இருந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. மறுபடியும் தண்டவாளம்.

திறந்த அந்த வாரமே அது நடந்தது. மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. செல்வமேரி சாப்பாட்டுப் பையோடு முன்னால் தாண்டிவிட்டாள். ஏஞ்சல் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு பின்தங்கினாள். அப்போது தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு எக்ஸ்பிரஸ், ஸ்டேஷனில் நிற்காத வண்டி, ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. மேற்கே பார்த்து நின்ற ஏஞ்சலுக்கு அது இடப்பக்கம்.

ஹாரனைக் கேட்டு ஏஞ்சல் நின்றாள். சரியாகத்தான் நின்றாள். தலையை வலப்பக்கம் திருப்பிப் பல்லாவரம் பக்கமாகப் பாதையைப் பார்த்தாள். அங்கே பளபளவென்று ஈரத் தண்டவாளம் மட்டும் கிடந்தது. ஒன்றும் வரவில்லை என்று தெரிந்துகொண்டு, நிதானமாக அடுத்த காலை எடுத்து வைத்தாள்.

செல்வமேரி கத்திய கத்தல் வண்டிச் சத்தத்தில் கரைந்தது. பின்னால் வந்த கீரைக்காரம்மா கூடையைப் போட்டுவிட்டுப் பிள்ளையின் புத்தகப் பையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் சரளைக்கல்லில் விழுந்தார்கள். வண்டி கடந்து முடிகிறவரை செல்வமேரிக்கு மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது. பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓடின. அந்தச் சமயத்தில் அவள் எந்த மாதாவையும் கூப்பிடவில்லை. கழுத்துச் செயினைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கடைசிப் பெட்டி போனதும் ஓடி வந்து, எழுந்து நின்ற மகளைப் பார்த்தாள். கட்டிப்பிடித்திருக்கலாம். கட்டிப்பிடிக்கத்தான் ஓடி வந்தாள். கை மட்டும் வேறு மாதிரி போயிற்று. இடது கன்னத்தில் பளாரென்று ஒன்று.

"அத்தினி ஹாரன் அட்ச்சிகினு வருது, காது அடைச்சிகினு கீதா? திமிரா? சாவணுமா உனக்கு?"

"நான் பாத்தேம்மா" என்று ஏஞ்சல் விசும்பினாள். "நல்லாப் பாத்தேன். அந்தப் பக்கம் ஒண்ணும் வரல."

"பொய் சொல்லாத!"

"நெஜமாம்மா. சத்தம் வந்த பக்கந்தான் பாத்தேன்."

கீரைக்காரம்மா சிதறிய கட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "கொயந்தைய அடிக்காதம்மா, பயந்து போயிருக்கு" என்றாள். செல்வமேரி காதில் வாங்கவில்லை. அன்று முழுக்க மகளிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. பயம் கோபமாக வந்தால் அது இறங்க நாளாகும். அதன்பிறகு தினமும் கையைப் பிடித்துத் தாண்ட வைத்தாள். ஆனால் ஐந்தாம் வகுப்பு முடிந்தால் வேறு பள்ளிக்கூடம், வேறு நேரம். அப்போது தனியாகத்தானே தாண்ட வேண்டும்? இந்தப் பெண்ணை நம்பி எப்படி அனுப்புவது என்ற கவலை அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பக்கத்துக் கிளினிக்கிலிருந்து ஒரு குழந்தை டாக்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன வயசுப் பெண், அலட்டல் இல்லாமல் பேசினாள். செல்வமேரி டீ கேனோடு பின்கதவுப் பக்கம் நின்றிருந்தாள்.

"போன சீசன்ல இந்த ஏரியாவுல மம்ப்ஸ் ரொம்ப இருந்துச்சு. பொன்னுக்கு வீங்கின்னு சொல்வோமே, அதுதான். எச்சில், இருமல், தும்மல், ஒரே டம்ளர்ல குடிக்கிறது, இப்படித்தான் பரவும். வீங்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒட்ட ஆரம்பிச்சிடும். சில பிள்ளைங்களுக்கு வீங்கவே வீங்காது, ஆனா உள்ளே வந்துட்டுப் போயிருக்கும்."

முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டாள். "நாங்கதான் அம்மை ஊசி போட்டிருக்கோமே மேடம்?"

"கவர்மென்ட்ல போடறது எம்.ஆர். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். ரெண்டும் ரொம்ப முக்கியம், கண்டிப்பா போடணும். ஆனா அதுல மம்ப்ஸுக்கு மருந்து கிடையாது. அது எம்.எம்.ஆர்ல இருக்கு, வெளியிலதான் போட்டுக்கணும். பல பேருக்கு இது தெரியாது. எல்லாம் போட்டாச்சுன்னு நினைச்சுக்கறோம்."

"தங்கச் செயின் போட்டா வத்திடுதே மேடம்?"

கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்தாள். "போடலைன்னாலும் ஒரு வாரத்துல வத்திடும். செயின் ஒண்ணும் பண்ணாது. அதைக் கொண்டு வந்து போடறேன்னு வீடு வீடாப் போறவங்க இருக்காங்க இல்ல, அவங்ககூடப் போற பிள்ளைங்க, அங்கதான் வம்பு."

செல்வமேரியின் கையில் டம்ளர் நிறைந்து வழிந்தது. சூடு உறைக்கவில்லை.

டாக்டர் பேச்சை நிறுத்தவில்லை. சத்தம் காதுக்குள் போய் ஒரு தோலில் மோதும், அந்த அதிர்வைச் சின்ன எலும்புகள் உள்ளே தள்ளும், உள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒன்று இருக்கிறது, அதற்குள் நீரும், கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகளும் இருக்கின்றன என்றாள். அந்த முடி அசைந்தால்தான் மூளைக்குச் சேதி போகும்.

"ரொம்ப அபூர்வமா, மம்ப்ஸ் கிருமி அங்க போய் உக்காந்துடும். முடி செத்துப் போயிடும். தலைமுடி மாதிரி மறுபடி முளைக்காது. போனா போனதுதான். பெரும்பாலும் ஒரு காது மட்டும் போகும், அதனால வீட்ல கண்டுபிடிக்கவே மாட்டாங்க. பிள்ளை பேசும், பாடும், எல்லாம் கேக்கும். ஆனா சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரியாது. ரெண்டு காதுக்கும் வர்ற சத்தத்துல ஒரு இம்மி வித்தியாசம் இருக்கும், அதை வெச்சுத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்குது. ஒரு காது இல்லைன்னா, எல்லாச் சத்தமும் நல்ல காதுப் பக்கமிருந்து வர்ற மாதிரியே இருக்கும்."

சத்தம் வந்த பக்கந்தான் பாத்தேன்.

அந்தக் குரல் செல்வமேரிக்கு மறுபடியும் கேட்டது. கேட்டதும் அவள் அதை அமுக்கினாள். ஏஞ்சலுக்கு வீங்கவே இல்லையே. செயின் கிடந்ததே. சில பிள்ளைகளுக்கு வீங்கவே வீங்காது என்று அந்த டாக்டர் சொன்னதையும் அவள் கேட்டிருந்தாள். ஆனால் மனுஷ மனசு பொல்லாதது, வேண்டாததைக் கேட்காமல் இருக்க அதற்குக் காது செவிடாக வேண்டியதில்லை. அவள் பிளஸ்ஸியை நினைத்தாள், வெற்றிவேலை நினைத்தாள், பின்தெரு அண்ணன் தங்கையை நினைத்தாள். நான் போன வீடுகள், செயின் போட்ட கழுத்துகள் என்று ஒவ்வொன்றாக எண்ணினாள். எதை நினைக்க வேண்டுமோ அதைத் தவிர எல்லாவற்றையும் நினைத்தாள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழியையும் டாக்டர் காட்டினாள். பிள்ளைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு காதை விரலால் அடைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே, மறு காதில் கிசுகிசுவென்று ஏதாவது சொல்ல வேண்டும். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சந்தேகமாக இருந்தால் காது டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் செல்வமேரி ஒரு பாக்கெட் சாக்லேட் வாங்கினாள். ஏஞ்சலை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். அதே தெரு, அதே வாசல்கள். கழுத்தில் அதே செயின். ஆனால் இந்தத் தடவை அவள் கைக்குட்டையில் எதையும் முடிந்துகொள்ளவில்லை.

ரத்தினபாய் கதவைத் திறந்து, "என்ன அக்கா, முகமெல்லாம் வெளுத்திருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பிளஸ்ஸியக் கூப்டு. ஒரு வெளாட்டு."

பிளஸ்ஸியின் இடது காதை அடைத்து வலது காதில், "சாக்லேட் வோணுமா?" என்று கிசுகிசுத்தாள். "வேணும்!" என்று பிளஸ்ஸி துள்ளினாள். மறு காதிலும் அப்படியே. செல்வமேரிக்கு அப்படியே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது. ரத்தினபாய் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெற்றிவேலுக்கு ஒரு காதில் கேட்டபோது "வோணும்" என்றான். மறு காதில் கேட்டபோது "ரெண்டு வோணும்" என்றான். செல்வமேரி அவனைத் தூக்கிக் கன்னத்தில் முத்தமிட்டாள். பின்தெரு அண்ணனும் தங்கையும் சாக்லேட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டே நாலு காதுக்கும் சரியாகப் பதில் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெரு முழுக்க ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் செய்த புண்ணியம் காத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டுதான் திரும்பி நடந்தாள். ஆனால் வீடு நெருங்க நெருங்க நடையை மெதுவாக்கினாள். பாக்கெட்டில் இன்னும் சாக்லேட் மிச்சம் இருந்தது.

ஏஞ்சல் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தண்டவாளத்தைப் பார்த்த சன்னல் அவளுக்கு இடப்பக்கம், சமையலறை வலப்பக்கம். செல்வமேரி நேராக மகளிடம் போகவில்லை. அரிசி களைந்து வைத்தாள். மடிக்காத துணியை மடித்தாள், மடித்ததை மறுபடியும் மடித்தாள். ஜெரோம் வரட்டும், அவன் வந்தபிறகு பார்க்கலாம் என்று நினைத்தாள். பிறகு, அவன் இல்லாதபோதே பார்த்துவிடுவோம் என்று நினைத்தாள்.

"ஏஞ்சல். ஒரு வெளாட்டு வெளாடலாமா?"

"இன்னா வெளாட்டு?"

"திரும்பிப் பாக்காத. நான் காதுல ஒண்ணு சொல்லுவேன், நீ பதில் சொல்லணும்."

மகளின் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். முதலில் இடது காதை அடைத்துக்கொண்டு வலது காதில், "சாக்லேட் வோணுமா?" என்றாள்.

"வோணும்!" என்றாள் ஏஞ்சல், கேட்டு முடிப்பதற்குள்.

செல்வமேரி விரலை மாற்றினாள். வலது காதை அடைத்து, டாக்டர் காட்டியபடி மெதுவாகத் தேய்த்தாள். இடது காதோரம் முடியை ஒதுக்கினாள். ரயில் போன அந்தக் காலையில் தன் கை விழுந்த கன்னம் அது. சாக்லேட்டைப் பற்றிக் கேட்கத்தான் வாயைக் கொண்டுபோனாள். வந்தது வேறு. இத்தனை நாளாக உரக்கச் சொல்ல வெட்கப்பட்டு வைத்திருந்தது.

"அன்னிக்கு அட்ச்சிட்டேன்ல, கண்ணு. ரொம்ப வலிச்சிதா? நீ பொய் சொல்லல. அம்மாதான் புத்திகெட்டு அட்ச்சிட்டேன். என்னிய மன்னிச்சிடு."

ஏஞ்சல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கேள்விக்குக் காத்திருக்கிற பிள்ளையின் உட்கார்வு அது. செல்வமேரி இன்னும் நெருங்கி, உதடு காதில் படும்படி, "மன்னிச்சிடு கண்ணு" என்று மறுபடியும் சொன்னாள்.

ஏஞ்சல் தோளைக் குலுக்கிச் சிரித்தாள். "ஊதாதம்மா, கூசுது. சீக்கிரம் ஆரம்பி. ஹோம்வொர்க் பாக்கி கீது."

செல்வமேரியின் விரல் தானாக விலகியது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. தூரத்தில் ஹாரன் கேட்டது, பிறகு சன்னலுக்கு வெளியே வீடே நடுங்கும்படி வண்டி ஓடியது. ஏஞ்சல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தன்னையறியாமல் சமையலறைப் பக்கம் திரும்பி, அங்கே இருந்த வெறும் சுவரைப் பார்த்து, "எக்ஸ்பிரஸ் போவுதும்மா" என்றாள்.